ஆயிரத்தொரு மாமரம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதி சுமந்து, பிறகு பொதியை வாங்கி விற்று, மலையடிவாரத்தில் மாந்தோப்புப் போட்டவன். எவனும் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்ததில்லை. சொல்ல நான் விட்டதுமில்லை.

தோப்புப் போடும்போது ஆயிரம் கன்று என்று முடிவானது. நான்தான் ஒன்று கூட்டச் சொன்னேன். மொய் எழுதும்போது நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒன்று சேர்ப்பது எதற்கு? எண் வகுபடாமல் இருந்தால் உறவும் பிரியாது என்றுதானே. என் தோப்பும் பிரியக் கூடாது. மரம் எதுவும் பட்டுப்போனால் அந்த மழைக்கே அதே குழியில் மறுகன்று வைத்துவிடுவேன்.

நான் உயிரோடு இருக்கும்போதே நான்கு மகன்களும் பங்கு கேட்டு வந்து நின்றார்கள். நான் சம்பாதித்த சொத்து. முடியாது என்று ஒரே சொல்லில் விரட்டியிருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அது போதவில்லை. ஆளுக்குச் சரிசமமாக மரம் வர வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, ஒன்றையும் வெட்டக் கூடாது, அப்படிப் பிரித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். ஆளுக்கு இருநூற்றைம்பது போக ஒரு மரம் மிஞ்சியது. அந்த ஒற்றை மரத்துக்காக நாலு பேரும் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள் போய்க் கேட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீலையே திணறடித்த எண் என்று கடைவீதியெல்லாம் சொன்னேன். சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

போன சீசனில் கடைசி மகள் பழம் எடுத்துப் போக வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சர். அன்றைக்கும் கூடத்தில் அதே சண்டை. கூடையில் பழம் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏழு பேருன்னு வச்சு வகுத்துப் பாருங்கப்பா. ஆளுக்கு நூத்தி நாப்பத்தி மூணு. மிச்சமே இல்ல."

நான்கு மகன், மூன்று மகள். மூத்தவன் மூக்கு விடைத்தது. "ஏட்டி, ஒங்க மூணு பேரையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாச்சுல்ல? பொறவு என்ன பங்கு?"

"பங்கு கேக்கலண்ணே. கணக்குச் சொல்லுதேன்."

ஏழையும் பதினொன்றையும் பதிமூன்றையும் பெருக்கினால் வருவதுதானாம் ஆயிரத்தொன்று. பதினோரு பிள்ளை இருந்தாலும் மிச்சமில்லை, பதிமூன்று இருந்தாலும் மிச்சமில்லை. நூற்றொன்றுதான் எதற்கும் வகுபடாதாம். நூற்றொரு கன்றோடு நிறுத்த நான் என்ன கஞ்சப்பயலா? கல்யாண வீடு தவறாமல் ஆயிரத்தொன்று எழுதி வந்திருக்கிறேன். ஒருத்தன்கூட இதைச் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூத்தவனை அவன் தங்கச்சியைப் பேசிய பேச்சுக்காகத் திட்டினேன். அவளை வாயைத் திறந்ததற்காகத் திட்டினேன்.

மறுநாள் காலை தோப்புக்குப் போய் இன்னொரு கன்று வைத்தேன். ஆயிரத்திரண்டு. நாலு பங்கு வைத்தால் இரண்டு மிஞ்சும், ஏழு பங்கு வைத்தால் ஒன்று மிஞ்சும். இது ஏமாற்று என்று மகன்கள் குதித்தார்கள். என் மண், என் கன்று, என் மண்வெட்டி. போங்கடா என்றேன்.

சாயங்காலம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "ஆறு பேருன்னா சரியா வகுபடும்பா. ஆளுக்கு நூத்தி அறுவத்தேழு."

எனக்கு மறுபடியும் ஏறியது. "அப்ப ஒரு ஆளு எனக்கு வேண்டாம்னு எந்திரிச்சுப் போகணும். அந்த ஆறு பேர்ல நீ உண்டா இல்லையாட்டி?"

"அதெப்படிப்பா நான் இல்லாம?"

மற்ற ஆறு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். அதே பதில்தான். ஒரு வார்த்தை மாறவில்லை. தோப்பு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.