அடிக்காத மருந்துக்கு அத்தாட்சி

காய்கறி விற்பதில் ஒரு சிரமமும் இல்லை; மருந்து அடிக்காத காய்கறி விற்பதில்தான் எல்லாச் சிரமமும், ஏனென்றால் அடிக்காத ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்ட முடியாது. சொந்தத் தோட்டத்தில் விளைந்ததை நாலு பேரிடம் விற்கப்போய்க் குற்றவாளி மாதிரி பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், செடெனாக்கில் எங்களுடையது சின்னத் தோட்டம். சுற்றிலும் அடுத்தவர்களின் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். அப்பா சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து ஆரம்பித்தது. மண்வேலை அப்பாவும் அம்மாவும். பல்கலைக்கழகம் இல்லாத நாட்களில் விற்பனையும் வாக்குவாதமும் நான். வருஷக் கடைசிக்குள், வாராவாரம் எங்களிடம் காய்கறிக் கூடை எடுக்கும் வீடுகள் பெருகாவிட்டால் நிலத்தைச் செம்பனைக்கு விட்டுவிட்டு, பழையபடி விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பாலம் தாண்டப் போய்விடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

அளவான ஓட்டை

பக்கத்திலுள்ள கூலாய் காலைச் சந்தையில் எங்கள் மேசைக்கு முதலில் வருபவர் மேரி ஆன்ட்டி. மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, குடையும் கையுமாக வருவார். ஒரு ஞாயிறு கீரைக்கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இலையெல்லாம் ஓட்டை. "பூச்சி தின்னது போக மிச்சத்தையா எங்களுக்கு விக்கிற?" என்றார். மருந்து அடிக்காவிட்டால் பூச்சி தின்னத்தான் செய்யும், பூச்சிக்கே ஆகாத கீரை நமக்கு மட்டும் எப்படி ஆகும் என்று நான் நீளமாக வாதாடினேன். கங்கோங் கீரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் நல்ல மழை. பூச்சி குறைந்து கீரை பளபளவென்று வந்தது. மேரி ஆன்ட்டி ஓர் ஓட்டைகூட இல்லாத இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "இவ்ளோ சுத்தமா இருக்கே, எப்ப அடிச்சீங்க?" எனக்கு வந்த கோபத்தில் கட்டைத் திரும்ப வாங்கிக் கூடையில் போட்டேன். அவரே வழியும் சொன்னார்: "ரெண்டு மூணு ஓட்டை மட்டும் உள்ள கட்டா பாத்துக் குடு லா, மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

பெரிய கடையில்

இந்த ஊரே வேண்டாம், மொத்தமாகப் பெரிய கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஜோகூர் பாருவுக்கு ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். கொள்முதல் பார்ப்பவர் நம் ஆள்தான், சின்ன வயசு. குளிர்சாதன அறையில் எங்கள் வெண்டிக்காயை வரிசையாக அடுக்கினார். ஒன்று வளைந்திருந்தது, ஒன்று குட்டை, ஒன்று நீளம். அவருடைய தட்டில் எதுவும் ஒழுங்காக உட்காரவில்லை. வாராவாரம் இதே காய், இதே எடை, இதே நீளம் வேண்டுமாம். வெயில் மழையெல்லாம் எங்கள் பாடாம். விற்காதது எங்களுக்கே திரும்பி வருமாம்.

எங்களை மாதிரிக் குடும்பம் இந்த வாரம் விளைந்ததைத்தான் இந்த வாரம் கொடுக்கும். அதை வாங்கிக்கொள்ள, வாடியதும் வளைந்ததும் ஏன் என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தூரத்தில் ஆள் வேண்டும். அந்த அறையில் நின்றபோதுதான் இது எனக்கு உறைத்தது. வாதாடிப் பார்த்தேன். அவர் மரியாதையாகவே கேட்டுவிட்டுச் சொன்னார்: "காய் நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே, ஒரே தோட்டத்துதுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

முகமூடி

சுப்ரா அங்கிள் எங்கள் கூடை வீட்டுக்காரர்களில் ஒருவர். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் ஓய்வு பெறாத மாதிரிதான் கேள்வி கேட்பார். ஒருநாள் காலையில் எங்கள் வழியாகப் போனவர், அப்பா முதுகில் டாங்கியும் முகத்தில் முகமூடியுமாகப் பயத்தங்காய்ப் பந்தலுக்குத் தெளித்துக்கொண்டிருந்ததைப் படம் எடுத்துவிட்டார். எடுத்ததைக் கூடை வீடுகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. படமே போதாதா?

அந்த டாங்கியில் இருந்தது மீன் தலையும் சிவப்புச் சீனியும் சேர்த்துப் பீப்பாயில் ஊறப்போட்டு, தண்ணீர் கலந்த கரைசல். செடிக்குச் சத்து. பக்கம் பக்கமாக விளக்கம் தட்டிப் போட்டேன். யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. "இந்த வாரம் வேண்டாம்மா", "ஊருக்குப் போறோம்" என்று ஒவ்வொரு வீடாகக் கழன்றுகொண்டது. அப்பா சாப்பிடும்போது, செம்பனைக்கு நிலம் கேட்ட ஆளின் பெயரைச் சொல்லி, அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மேரி ஆன்ட்டியிடமிருந்து குரல் பதிவு வந்தது: "ஆபத்தே இல்லாததுக்கு எதுக்கும்மா உங்கப்பாவுக்கு முகமூடி?"

பீப்பாய்

அப்பா குழுவில் எழுதியது ஒரே வரி: "சனிக்கிழமை காலையில் மறுபடி தெளிக்கிறேன், வந்து பாருங்க." நான் சண்டை பிடித்தேன். திருடனா நாம், எல்லாருக்கும் நிரூபித்துக் காட்ட? கடையில் பிளாஸ்டிக்கில் சுற்றி வருகிற கீரையிடம் இவர்கள் ஒரு கேள்வி கேட்டதுண்டா? அப்பா பீப்பாயைக் கலக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தார்கள். "உங்களை நம்புறோம்மா" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்றுகூட வரவில்லை. வந்ததெல்லாம் நம்பாதவர்கள். சுப்ரா அங்கிள் முன்னால் நின்றார். அப்பா தம் முகமூடியைக் கழற்றி நீட்டினார். "வேணாம், நான் அது இல்லாமலே பாப்பேன்" என்று அங்கிள் பீப்பாய் மூடியைத் தூக்கி, நன்றாகக் குனிந்து, முழு மூச்சு இழுத்தார். அடுத்த நொடி வேலியோரம் போய் உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் கொண்டு ஓடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அங்கிள் சொன்னார்: "அலமாக்! விஷமா இருந்தாகூட இப்படி நாறாது லா!"

எல்லைக் கால்வாய்

அதோடு விட்டார்களா? அந்த ஒருநாள் நல்லவர்களாக இருந்திருக்கலாம் இல்லையா என்று அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போவானேன் என்று கூடையையும் எடுத்துப் போனார்கள். அவர்கள் சேர்த்துவிட்டதில் இன்னும் சில வீடுகள் கூடின. கூடை சாக்கில் வேவு பார்க்கிறார்களோ என்று எனக்கு இதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, பக்கத்துச் செம்பனையில் ஆட்கள் எல்லைக் கால்வாயை ஒட்டிப் புல்லைக் கொல்லும் மருந்து அடித்துக்கொண்டு வந்தார்கள். காற்று எங்கள் பக்கம். அப்பா இதைப் பற்றி எத்தனையோ முறை அங்கே மருந்தடிக்கும் வேலையை எடுத்திருந்த கண்ட்ராக்டரிடம் கெஞ்சியிருக்கிறார். "சரிண்ணே, பாக்கலாம்ணே" என்று தலையாட்டிவிட்டு அவர் பாட்டுக்கு அடிப்பார். அன்று அப்பா வாய் திறக்குமுன் மேரி ஆன்ட்டி கால்வாய் ஓரத்தில் குடையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நான் சாப்பிடுற கீரைப்பா இது, நிறுத்து!" சுப்ரா அங்கிள் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார். மருந்துப் பெயர் என்ன, எந்த முதலாளி, காற்றடிக்கும்போது யார் அடிக்கச் சொன்னது என்று பழைய தொழிற்சாலைக் குரலில் கேள்விமேல் கேள்வி. மற்றவர்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கண்ட்ராக்டர் முதலாளியைப் போனில் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு, எல்லையை ஒட்டிய வரிசைகளில் இனி மருந்து வேண்டாம், மெஷினால் புல் வெட்டிக்கொள்கிறோம் என்றார். அன்றிலிருந்து வெட்டத்தான் செய்கிறார்கள்.

டாங்கியை இறக்கி வைத்த கண்ட்ராக்டர் அப்பாவைப் பார்த்து, "ஏண்ணே, இத்தனை பேரும் உங்க சொந்தக்காரங்களா?" என்றார். மேரி ஆன்ட்டி குடையை மடக்கியபடி முந்திக்கொண்டார்: "சொந்தமாவது ஒண்ணாவது, இவங்களை நம்பாமத்தான் நாங்க வாராவாரம் வர்றோம்!"

எங்களை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட நல்லவர்களுக்கு என் அன்பு உண்டு என்றாலும், இந்த வருஷக் கடைசியிலும் எங்கள் நிலத்தில் கீரை முளைக்கிறதென்றால் அது நம்பாமல் வந்து நிற்கிறவர்களின் புண்ணியம்தான்.