பழைய பெட்டி கேட்கும் முறை

கோட்டைப்பட்டினத்தில் படகு கரைக்கு வந்ததும் ஏலக்கூடத்து ஆள் யார் படகு என்று மைக்கில் சொல்வார். நெட்வொர்க் வழியாக அந்தக் குரல் வீடுகளில் இருக்கும் சின்னப் பெட்டிகளுக்குப் போகும். வீட்டுக்கு வீடு தனியாக அனுப்புவதில்லை. 'இந்தக் குழுவில் என்னையும் சேர்' என்று கேட்ட பெட்டிக்கெல்லாம் ஒரே குரல்தான். மல்டிகாஸ்ட் என்பார்கள். பெட்டிகளின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கவனிப்பது நான். படித்து வந்த வேலையில்லை, நோண்டி நோண்டி வந்தது.

அன்று காலை பக்கத்து வீட்டு லாத்தா வந்து நின்றார். எனக்கு அக்கா முறை.

"தம்பி, விடிஞ்சதுலேருந்து பொட்டி வாயத் தொறக்கல. ஒங்க மச்சான் படகு வரலையா, வந்தும் இது சொல்லலையா?"

"ஏலக்கூடத்துல கேட்டுருவோமா லாத்தா?"

"வேணாம். கடலுக்குப் போனவுகள வந்துட்டாகளான்னு நானாக் கேட்டதேயில்ல. சேதி தானா வரணும்."

அந்த வீட்டு வழக்கம் அது. அடுத்த வீட்டில் போய்க் கேட்கவும் என்னை விடவில்லை. முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

முந்தின நாள்தான் எல்லாப் பெட்டிகளிலும் புது சிஸ்டம் ஏற்றியிருந்தோம். லாத்தா வீட்டில் இருப்பது ரொம்பப் பழைய பெட்டி. அதன் புரோகிராமை எழுதியவர் துபாய்க்குப் போய்விட்டார், திருத்தி எழுத வழியில்லை. குழுவில் சேரக் கேட்கும்போது அது குழுவின் முகவரியையும் தன் முகவரியையும் மட்டும் சொல்லும். புது முறையில் நெட்வொர்க் கார்டின் எண்ணும் வேண்டும். பழைய முறையில் இனி எந்தப் பெட்டி கேட்கப் போகிறது என்று, சிஸ்டத்தைச் செய்தவர்கள் அந்தக் குட்டைக் கோரிக்கையை ஏற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

லாத்தா வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

"என்னதான் கோளாறு?"

"பொட்டி பாதிதான் சொல்லுதுன்னு சிஸ்டம் உள்ள விட மாட்டேங்குது லாத்தா."

"ஒங்க மச்சானும் பாதிதான் சொல்லுவாக. மீதிய நாமதான் போட்டுக்கிறணும்."

அதைத்தான் சிஸ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கோரிக்கையின் நீளத்தைப் பார். குட்டையென்றால் பழையது, விட்டுப்போனதை நீயே போட்டுக்கொள். நாலைந்து வரிதான்.

எழுதியதை ஏற்றி, பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். கரகரத்தது. ஏலக்கூடத்து ஆள் வேறு யாருடைய படகையோ சொன்னார். லாத்தா அசையவில்லை. அப்புறம் இன்னொன்று. அதற்கும் அசையவில்லை. மூன்றாவதாக மச்சானின் படகைச் சொன்னார்.

லாத்தா பெட்டியின் தூசியை முந்தானையால் துடைத்தார்.

"ஆணத்தச் சூடு பண்ணணும்" என்று எழுந்து போனார். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "சாப்புடாமப் போயிறாதீங்க தம்பி. ஒங்க மச்சான் வந்துருவாக."