வளைகாப்புக்கு வந்த தொட்டில்

பெரிய பேரன் ரயில்வேயில் சேர்ந்துவிட்டான். சின்னவன் கபடியில் கோப்பை வாங்கினான். பேத்தி கலா பி.எட். முடித்தாள், இப்போது ஏழு மாதம்.

இன்று அவளுக்கு வளைகாப்பு. அவள் ஆசைப்பட்டாள் என்று புருஷன் மரத்தொட்டில் வாங்கி வந்தான்.

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி வெறுந்தொட்டிலா? எவடி கேட்டது?"

கலாவின் மாமியார், வாலாஜாபாத் சம்பந்தியம்மா, கத்திக்கொண்டே தொட்டிலை உதைத்து உடைத்தாள். கலாவை அறையக் கை ஓங்கினாள்.

தறி நெய்த கையால் அவள் கையைப் பிடித்து முறுக்கினேன். அவள் வளையல் நொறுங்கி எங்கள் இருவர் கையிலும் ரத்தம்.

"வுடு ஆயா, கை ஒடிஞ்சிடப்போவுது!" என்று கலா கத்தினாள்.

"ஒடியட்டும்மா. மாசமா கீற பொண்ண அடிப்பாளா?"

கலாவின் புருஷன்தான் எங்களைப் பிரித்துவிட்டான்.

வெறுந்தொட்டில் எனக்கும் ஆகாதுதான். அதற்காகக் கலாவை நானே திட்டியிருப்பேன், ஆனால் அடிக்க விட்டிருக்க மாட்டேன்.

இன்று கலா சிரித்த படம் யாரிடமாவது இருந்தால் நம் குடும்பக் குழுவில் போடுங்கள். சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை, எங்கள் கையில் போட்ட கட்டு மட்டும் தெரியக்கூடாது.