அண்ணனின் வானும் மூன்றாம் சிலிண்டரும்

அண்ணன் பிறந்தது செங்கலடியில், இப்போது நான் இருக்கும் இதே வீட்டில். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளையான எனக்கு வந்தது. அண்ணன் கலியாணம் முடித்து, கடற்கரைப் பக்கம் இருந்த அவர் மனைவி, என் மச்சாளின் வீட்டுக்குப் போனார். பெற்றோலில் ஓடும் வான் வண்டி ஒன்றைக் கூலிக்கு ஓடினார். அதில் ஒரு தடவையாவது ஏறாதவர்கள், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் குறைவு. அண்ணனுக்கு வாய் குறைவு, பிடிவாதம் அதிகம். இதை நான் சொல்லக் கேட்டிருந்தால் முறைத்திருப்பார்.

அண்ணனின் மகனை இயக்கத்தார் சண்டைக்கென்று வன்னிக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் துக்கம் ஆறுமுன்னே சுனாமியாய்க் கடல் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் இறைச்சி வாங்கச் சைக்கிளில் போயிருந்தார். திரும்பியபோது வீடு இல்லை, மச்சாள் இல்லை, மகள் இல்லை. வான் மட்டும் வாவிக்கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதைக் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வேறெதுவும் கொண்டுவரவில்லை.

கழுவித் துடைத்து வானை ஓட வைத்தார், ஆனால் அது நாலு சிலிண்டரில் மூன்றில்தான் ஓடியது. நின்ற இடத்தில் நடுங்கும். இடையிடையே புகைக்குழாயில் 'டப்' என்று வெடிக்கும். கடல் வந்த பிறகு எங்கள் ஊரில் எது பழுதானாலும் பழி உப்பின் மேல்தான். நாங்களும் வயர்களில் உப்பு ஏறிவிட்டது என்றே நினைத்தோம். நல்ல தண்ணீரில் கழுவினோம், வெயிலில் காயவைத்தோம், பிளக் மாற்றினோம். சரிவரவில்லை. அண்ணன் அதற்குமேல் தேடவில்லை. கிடக்கட்டும், ஆருக்கு அவசரம் என்பார்.

யுத்தம் முடிந்தது. வன்னிச் சனம் வவுனியா முகாம்களில் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே எஞ்சினில் கைவைத்தார். வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். ஒருமுறை அந்த 'டப்' சத்தத்துக்கு ஆமிக்காரர் துவக்கை நீட்டியிருந்தார்கள். இப்படியே போனால் மகனிடம் போய்ச் சேரமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

என்னைச் சாரதி ஆசனத்தில் இருத்தி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பிறகு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார்.

"தங்கச்சி, பறையாமக் கேள் கா. வயர இழுக்கக்குள்ள சத்தம் குறைஞ்சா அது உசிரோட இருக்கு. குறையாட்டி அதுதான் செத்தது."

முதலாவதுக்கு எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதுக்கும் அப்படித்தான். மூன்றாவதை இழுத்தார், ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்துப் பார்த்தபோது பொறி நன்றாகவே பறந்தது. பெற்றோல் ஈரமும் இருந்தது. துளையைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு எஞ்சினைச் சுழற்றச் சொன்னார். விரலைத் தள்ளக் காற்றில்லை. உள்ளே கொஞ்சம் ஒயில் விட்டும் தள்ளவில்லை. ஒயில் விட்டுத் தள்ளியிருந்தால் பிஸ்டன் வளையத்தில் பிழை, இது வால்வு என்றார்.

அண்ணனின் கூட்டாளியான ஏறாவூர் நானா தன் கராஜை விட்டுவிட்டு வந்தார். இருவரும் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். வால்வு அமரும் இடத்தை உப்புத் தண்ணீர் தின்றிருந்தது, அதனால் வால்வின் விளிம்பும் கரிந்துபோயிருந்தது. உப்புத்தான், நாங்கள் தேடிய இடம்தான் பிழை. பழைய எஞ்சின் ஒன்றின் வால்வை எடுத்து, அரைக்கும் பசை தடவி, கையால் அரைத்து அரைத்துப் பொருத்தினார்கள். வான் நடுங்காமல் நின்று ஓடியது. கடல் வந்த பிறகு அண்ணன் சிரித்ததை அன்றுதான் கண்டேன். மகனுக்கு ஒரு சேர்ட்டும் வாங்கினார். இப்போதைய அளவு தெரியாமல் பெரிதாக வாங்கினார்.

வவுனியாவுக்குப் போனோம். வான் ஓரிடத்திலும் வெடிக்கவில்லை. முகாம் முகாமாகக் கேட்டோம். மகனைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை, செத்ததைப் பார்த்ததாகச் சொல்லவும் ஒருவரும் இல்லை. பிறகும் எத்தனையோ தரம் போனோம். ஒருநாள் திரும்பி வரும் வழியில் அண்ணன் வானை ஓரமாக நிறுத்தினார்.

"வானில கண்டுபிடிச்சன் கா. இவனுக்கு எந்த வயர இழுத்துப் பாக்கிற?"

பிறகு வானைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி வீட்டுக்கு ஓட்டினார்.

கடைசிக் காலத்தில் சாப்பாடு குறைந்தது. மகனுக்குக் கிரியை செய்யும்படி உறவினர் சொன்னபோது எழுந்து போய்விட்டார். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு நிறுத்துவார். ஒரு காலை அந்தச் சத்தம் வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். படுக்கையிலேயே போயிருந்தார்.

செய்தி கேட்டு ஓடிவந்த அயலவரையும், சுடலை வரை வந்த ஏறாவூர் நானாவையும் மறக்கமாட்டோம். கொள்ளி வைத்தது என் கணவர். வீட்டுக்காரருக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது மகன் செய்ய வேண்டியது.

இந்த மலரை அச்சடித்தவர், பின்பக்கத்துக் குடும்ப விபரத்தைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். மச்சாளின் பெயருக்கும் மகளின் பெயருக்கும் முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது, மகனுக்குப் போட மறந்துவிட்டீர்களா என்றார். மறக்கவில்லை. நம்பிக்கை இருப்பதாலும் அல்ல, எனக்கு அது எப்போதோ போய்விட்டது. ஆனால் அவன் செத்ததைக் கண்டவர் ஒருவர் வந்து, அந்தச் சொல்லைப் போடலாம் என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை.