நேரத்தின் அருமை பேசினதுல போன அரை நாள்

இன்னைக்குக் காலையில ரப்பர் மலையில பால் வெட்டி முடிச்சதும், என் சம்சாரம் பால் வாளியை என் கையில குடுத்து, "வெயில் ஏறுறதுக்குள்ள தோட்டத்து ஸ்டோர்ல நிறுத்துக் குடுத்துடுங்க"ன்னு சொன்னா.

வழியில தேத்தண்ணிக் கடை. நாலு பேர் போனை நோண்டிக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. நேரத்தோட அருமையைச் சொல்ல ஆரம்பிச்சேன்.

ருவான்வெல்லைக்குப் போக நின்னவங்க ரெண்டு பஸ்ஸை விட்டுட்டுக் கேட்டாங்க. ஒருத்தர் அழுதே போயிட்டார்.

கடை முதலாளிதான், "அண்ணே, வாளியைப் பாருங்க"ன்னார்.

பால் உறைஞ்சு கட்டியாயிருந்தது.

ஸ்டோர்ல கணக்கப்பிள்ளை விரலால குத்திப் பார்த்தார். "இது கழிவு ரப்பர், ஒட்டுப்பால்ல தான் சேரும். அக்காவுக்கு இன்னைக்கு அரைப்பேர்"ன்னு எழுதிட்டார். விடியுறதுக்கு முன்னாடி எழும்பி முந்நூறு மரம் வெட்டினவளுக்கு அரை நாள் வேலைதான் கணக்கு.

வீட்டுல போய்ச் சொன்னேன். அவ கத்தல.

"நீங்க கடையில பேசினதுக்கு யாராவது அரைப்பேர் போடுவாங்களான்னு கேட்டுட்டு வாங்க"ன்னா.

நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல கேக்கலாம்னு இருக்கேன். உங்க தோட்டத்துல போடுறாங்களா?