கூறின் மேல் வைத்த பை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதத் துணிந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நாங்கள் இப்போது வாழும் பிரெஞ்சு நகரின் லா சப்பல் பகுதியில், இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையும் உள்ள பழைய சந்தைக்குள் அக்காவோடு மீன் வாங்கப் போனேன். சாளை மீன் குவியலொன்றின் மேல் ஓர் ஓலைப் பை கிடந்தது. விற்கும் மீன்காரரைத் தவிரப் பக்கத்தில் எவரும் இல்லை.

எங்கள் ஊர்ச் சந்தையில் மீனைக் கூறு கூறாகக் குவித்து விற்பார்கள். ஒருவர் பையை வைத்துவிட்டால் அந்தக் கூறு அவருடையது. பிறகு எவரும் விலை கேட்கமாட்டார்கள். எனக்கு ஏழு வயதில் அப்பா அப்படிப் பையை வைத்துவிட்டு, "இதிலையே நில்லு பிள்ளை, இப்ப வாறன்" என்று வெற்றிலை வாங்கப் போனார். மீன் கண்கள் வெளுத்து, ஈ மொய்த்து, சந்தை கலையும்வரை நின்றேன். மீன்காரி அந்தக் கூறை விற்கவேயில்லை. அப்பா இன்றுவரை வரவில்லை.

"வாடி, பூட்டப்போறாங்கள்," என்றாள் அக்கா.

"ஆள் வரட்டும் அக்கா."

"ஆருக்கடி காவல் நிக்கிறாய், விசரி?"

பை யாருடையது என்று மீன்காரரிடம் கேட்டேன். "ஒரு கிழவர். இப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்," என்றார் பிரெஞ்சில்.

அக்காவின் முகம் மாறியது. தன் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். எவரும் வரவில்லை. மீன்காரர் ஓலைப் பையைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்களுக்குப் பின்னால் வெளியே வந்தார். சந்தைக் கதவு பூட்டப்பட்டது.

மறுநாள் திங்கட்கிழமை, சந்தை திறக்காத நாள். பூட்டியபடியே இருந்த கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். கொளுக்கியில் பை இல்லை.