தந்திக்காரர் படித்த இங்கிலீஷ்

இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பது என்பது தோற்றவர்களை நம்பி நடக்கும் தொழில்; எல்லாரும் முதல் தடவையிலேயே தேறிவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஐம்பதுகளில், பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன்பு, திருவள்ளூர் பஜாரில் ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் நடந்த டுடோரியலில் அந்தத் தொழிலைச் செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷைக் கோட்டை விட்டவர்கள் எல்லாரும் எங்களிடம் வருவார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது அப்படி ஒரு ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்தவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ராவண வதம்

டுடோரியலின் முதலாளி, பிரின்ஸ்பால், தலைமை ஆசிரியர் எல்லாம் வரதாச்சாரிதான். பெருமாள் கோயில் தெருக்காரர். இலக்கணத்துக்கு அவர் வைத்திருந்தது ஒரே வாக்கியம்: ராமன் ராவணனைக் கொன்றான். அதைத் திருப்பிப் போடச் சொல்வார். ராவணன் ராமனால் கொல்லப்படுவான். கேள்வியாக்கச் சொல்வார், எதிர்மறையாக்கச் சொல்வார், நேற்று நடந்ததை நாளை நடக்கச் சொல்வார். மாடியில் நாற்பது தொண்டைகள் சேர்ந்து கத்தும்போது கீழே ஜவுளிக்கடையில் விலை பேச முடியாது.

ஒருநாள் வேப்பம்பட்டிலிருந்து ஒரு பையனின் தகப்பனார் வந்தார். படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். மகன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இது: "பொங்கலுக்கு வந்தப்பவும் ராவணனைக் கொன்னுக்கினு இருந்தீங்க, இப்பவும் கொன்னுக்கினு இருக்கீங்க. அவன் எப்போ சார் சாவான், எம்புள்ள எப்போ பாஸாவான்?"

பூங்கா ரேடியோ

காதுக்குப் பயிற்சி வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். பஞ்சாயத்துப் பூங்காவில் ஒரு ரேடியோ உண்டு. சாயந்தரம் இங்கிலீஷ் செய்தி வரும் நேரத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போய்ப் புல்லில் உட்கார வைப்பேன். கேட்டதை எழுத வேண்டும். முதல் நாள் எல்லாருமாகச் சேர்ந்து பிடித்தது பிரதம மந்திரி, வெள்ளம் என்ற இரண்டே விஷயங்கள்தான். பிரதம மந்திரி வெள்ளத்தில் போய்விட்டாரோ என்று ஒருவன் பயந்தான்.

அந்தக் கூட்டத்தில் வயதில் பெரியவர் ஏகாம்பரம். தபாலாபீசில் தந்தி கொண்டு கொடுக்கும் பியூன். ஊரில் அவரைத் தந்திக்காரர் என்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் உள்ளே குமாஸ்தா வேலைக்கு மனுப் போடலாம். எல்லாப் பாடமும் தேறியாகிவிட்டது, இங்கிலீஷ் மட்டும் நிற்கிறது. வயது வரம்பு தாண்டுவதற்குள் அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பரீட்சைதான். டிக்டேஷன் போட்டால் பாதிதான் எழுதியிருப்பார். ஏன் என்றால், "நடுவுல நடுவுல பூடுது சார்" என்பார்.

எங்கள் காதுப் பயிற்சி வெகுநாள் நடக்கவில்லை. பாட்டுக் கேட்க வந்த கூட்டம் முறைத்தது. வேர்க்கடலை விற்பவர் ஒருநாள் எழுந்து வந்து சொன்னார்: "டில்லிக்காரன் பேசறது எங்களுக்கும் புரியல, உங்க பசங்களுக்கும் புரியல, வாத்தியாரே. பாட்டு வச்சா எல்லார்க்கும் புரியும். உட்டுடேன்!"

நிறுத்தி நிதானமாக

அந்தக் காலத்தில் தந்தி இங்கிலீஷில் வரும். வாங்குகிறவருக்கு இங்கிலீஷ் தெரியாது, கொண்டுவருகிற ஏகாம்பரத்துக்கும் தெரியாது. ஆகவே தந்தி வந்த வீட்டுக்காரரை அவர் எங்கள் மாடிக்கு அனுப்பி வைப்பார். வரதாச்சாரிக்கு அதில் சந்தோஷம். செலவில்லாத வாசிப்புப் பயிற்சி. மாணவர்களில் யாரையாவது எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்வார்.

ஒரு மத்தியானம் ஒரு அம்மாள் வந்தாள். வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வரதாச்சாரி ஜமாலை எழுப்பினார். ஜமால் பழவேற்காட்டுக் குடும்பம். தகப்பனார் திருவள்ளூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். இந்த முறையும் போனால் கடையில்தான் உட்கார வேண்டும் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது. உச்சரிப்பில் வகுப்பிலேயே முதல். அண்ணன் இறந்துவிட்டார், உடனே புறப்படவும் என்ற செய்தியை அவன் நிறுத்தி நிதானமாக, மணியாகப் படித்தான். வரதாச்சாரி தொடையைத் தட்டி, "பேஷ்!" என்றார். நான் எழுந்து நிற்பதற்குள் அந்த அம்மாள் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டாள். பிறகு ஜமாலிடம் சொன்னாள்: "ரொம்ப நல்லாப் படிச்சே நைனா. இப்போ அதுல இன்னா சொல்லிக்கீதுன்னு சொல்லு."

வாசலில் வந்த படிப்பு

படியடியில் சைக்கிளோடு நின்ற ஏகாம்பரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் அவர் ராவணனை விட்டுவிட்டார். "எனக்கு அர்த்தம் சொல்லிக் குடு சார், மத்ததெல்லாம் அப்பால பார்த்துக்கலாம்" என்றார். பத்திகளை எடுத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்தோம். படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் படித்ததாகக் கணக்கில்லை. குளிர்காலம் முடிவதற்குள் அர்த்தம் பிடிபட்டுவிட்டது. தந்தியின் இங்கிலீஷ் எவ்வளவு பெரிய இங்கிலீஷ்? சாவு, பிரசவம், புறப்படு, புறப்படாதே. அதைத் தாண்டியும் போனார். வாசலிலேயே பிரித்துப் படித்து, தணிந்த குரலில் விஷயத்தைச் சொல்லிவிடுவார். யாரும் வெயிலில் எங்கள் மாடிக்கு நடக்க வேண்டியதில்லை.

ஊர் வாழ்த்தும் என்று அவர் நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனால் அந்த நடையில்தான் ஜனங்கள் தங்களைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கல்யாணச் சேதியாக இருக்கும், வேலை கிடைத்த சேதியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள் அவர்கள். இப்போது அந்த அவகாசமும் போயிற்று. திருப்பாச்சூரில் ஒரு டீக்கடைக்காரர் அவரிடம் நேராகவே சொன்னாராம்: "எழுத்து தெரியாதப்போ நீ வந்தா டீ போட்டுக் குடுத்தேன், ஏகாம்பரம். இப்போ வெறும் உன் மூஞ்சைப் பார்த்தாலே கடையைச் சாத்திட்டுப் பூடலாம்னு தோணுது."

பரீட்சை நாள் காலை

இங்கிலீஷ் பரீட்சை அன்று காலைத் தந்திகளைக் கொடுத்துவிட்டு எழுதப் போகலாம் என்று போஸ்ட்மாஸ்டர் ஏகாம்பரத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார். அன்று வந்தது ஒரே தந்தி. ஜமால் வீட்டுக்கு. ஜமால் அதற்கு முன்பே பரீட்சைக்குக் கிளம்பிவிட்டான். வீட்டில் தாயார் மட்டும். கைநாட்டு வைத்து வாங்கிய தந்தியை அவரிடமே நீட்டி, "படிங்க தம்பி" என்றார்கள். சரக்குப் பிடிக்க நெல்லூர் போயிருந்த ஜமாலின் தகப்பனார் இறந்துவிட்டார். உடனே புறப்பட வேண்டும்.

சொன்னால் அந்த அம்மாள் பரீட்சை ஹாலுக்கு ஓடி மகனை எழுப்பிவிடுவார்கள். பேப்பர் மத்தியானம் முடிந்துவிடும், பிறகு வண்டி இருக்கிறது. எத்தனை சாவுத் தந்தி கொடுத்திருக்கிறார்! எந்த வீட்டிலும் பிள்ளை வராமல் சவத்தை எடுத்ததில்லை. அவருக்குத் தெரிந்த வீடுகள் அப்படி. இதையெல்லாம் அவர் பிறகு என்னிடம் சொன்னார். அந்த வாசலில் அவர் சொன்னது வேறு: சரக்கு வரத் தாமதமாம், வீட்டுக்காரர் வர இன்னும் இரண்டு நாள் ஆகுமாம், ஜமால் வந்ததும் நிதானமாகப் படிக்கட்டும். தாயார் மார்பில் கைவைத்து மூச்சு விட்டார்கள். "தந்தின்னதும் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு தம்பி. நல்லவேளை, படிக்கத் தெரிஞ்ச நீங்க கொண்டாந்தீங்க. ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க."

கேட்டுக்கு வெளியே

டுடோரியல்காரர்களுக்குப் பரீட்சை நடப்பது ஹாலுக்குள் இல்லை, பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே. நாம் முக்கியம் என்று கோடு போட்டுக் கொடுத்த கேள்விகளில் எத்தனை வந்தது என்பதில்தான் அடுத்த வருஷத்துக் கூட்டம் இருக்கிறது. வரதாச்சாரி முதலில் வெளியே வந்தவனிடமிருந்து கேள்வித்தாளைப் பிடுங்கினார். ஜமால் சிரித்துக்கொண்டே வந்தான். பின்னாலேயே வந்த ஏகாம்பரம் அவன் தோளில் கை போட்டு, சைக்கிள் பக்கம் அழைத்துப் போய் ஏதோ சொன்னார். ஜமால் பேனாவை மூடிக்கொண்டிருந்தவன், மூடியைக் கீழே விட்டுவிட்டான். குனிந்து எடுக்கவில்லை. அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிள் பஜார் பக்கம் போயிற்று.

தகப்பனாரை இழந்த நண்பனுக்கு ஆறுதல் கடிதம் எழுதுக என்பது எங்கள் முக்கியக் கேள்விகளில் ஒன்று. மூன்று வருஷமாகக் கோடு போட்டும் வராதது அன்று வந்திருந்தது. வரதாச்சாரி சைக்கிளைப் பார்க்கவே இல்லை. கேள்வித்தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "ஓய், துக்கக் கடிதம் வந்துடுத்து! நம்ம பசங்க அத்தனை பேரும் வரி பிசகாம எழுதியிருப்பா!"

விசாரணை

ஜமாலும் தாயாரும் நெல்லூர் போய்ச் சேர்ந்தபோது இரவு. வெயில் காலம், வெளியூர், காலையிலேயே தந்தி போயும் ஆள் வரவில்லை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், தாமதிக்காத அவர்கள் வழக்கப்படி அடக்கம் செய்துவிட்டார்கள். காலை வண்டியைப் பிடித்திருந்தால் மகன் முகம் பார்த்திருப்பான். ஜமாலின் தாய்மாமன் மேலிடத்துக்கு எழுதினார்: தந்திப் பியூன் தப்பாகப் படித்துச் சொன்னதால் குடும்பத்துக்கு நேர்ந்த கதி.

சென்னையிலிருந்து மேலதிகாரி ஒருவரும் அவருக்குக் கீழே ஒருவரும் வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர். முன்கூட்டியே ஏகாம்பரத்திடம் வழி சொல்லிவிட்டார். தெரிந்தே மறைத்தேன் என்றால் வேலை போகும். தெரியாமல் படித்தேன் என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். ஆனால் இங்கிலீஷ் தெரியாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், குமாஸ்தா மனு அதோடு தீர்ந்தது. ஏகாம்பரத்துக்கு இரண்டு பெண் குழந்தைகள். கையெழுத்துப் போட்டார். ஜமாலைக் கேட்டார்கள். "கடைசி பெஞ்சு சார் அவரு. ஒண்ணும் தெரியாது" என்றான். இரக்கத்தில் சொன்னானா, வஞ்சத்தில் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னையும் கேட்டார்கள். முந்தின நாளே ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டபடி, முயற்சி செய்கிறார், வரவில்லை என்றேன்.

அதிகாரி திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்து, தன் ஆளிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். ஏகாம்பரம் எதிரே நின்றுகொண்டிருந்தார். இரண்டு வரி படிக்கத் தெரியாத ஜந்துவுக்குக் குமாஸ்தா நாற்காலி கேட்கிறது பார் என்றார். இவனைத் துரத்த வேண்டாம், மாட்டைத் துரத்திவிட்டால் வண்டியை யார் இழுப்பது என்றார். இருவரும் சிரித்தார்கள். பெரியவர்கள் எதற்கோ சிரிக்கும்போது புரியாதவன் சிரிப்பானே, அப்படி ஏகாம்பரமும் லேசாகச் சிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்தபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "நடுவுல ஒரு வார்த்தைகூடப் பூடல சார்."

ரிசல்ட்

நம்பர்கள் பேப்பரில் வந்தன. ஜமால் தேறியிருந்தான். சென்னைக்குக் காலேஜ் போனவன், எங்கள் மாடிப் பக்கம் வரவே இல்லை. ஏகாம்பரமும் தேறியிருந்தார். நான் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். நம்பரைப் பார்த்தார், தலையாட்டினார், பைக்குள் அன்றைய தந்திகளை அடுக்கினார். வரதாச்சாரி வாசல் பலகையில் தேறியவர்கள் பெயரை எழுதியபோது, அவர் பெயரை விட்டுவிடும்படி நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு ஒருநாள் ரயிலடித் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அவரைப் பார்த்தேன். ஒரு கிழவர் தந்தியைப் பிரித்து, தலைகீழாகப் பிடித்தபடி அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் கண் ஒரு கணம் அதில் விழுந்து மீண்டது. அந்த முகத்தைப் பார்த்து, தந்தியில் என்ன இருந்தது என்று எனக்கே தெரிந்துபோயிற்று. அவர் சைக்கிளைத் திருப்பினார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது பெரியவரே. மாடியில டுடோரியல் கீது, மெதுவா நடந்து போய்க் கேளுங்க."

அந்த டுடோரியலில் நான் சொல்லிக்கொடுத்தவர்களில் இங்கிலீஷை முழுசாகக் கற்றுத் தேறியவர் ஒருவர் உண்டு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதற்குச் சாட்சி சொன்னவனும் நான்தான்.